தலைசிறந்த படம் எது?

சிறந்தவற்றை எண்ணி வரிசைப்படுத்தும் ஆர்வம் மனித இயல்போடு ஒட்டியதாகும். எமது முன்னோர் நூல்களைத் தொகுத்து எட்டுத்தொகை என்றும், பத்துப்பாட்டு என்றும், பதினெண் கீழ்க்கணக்கு என்றும் பெயரிட்டனர். காப்பியங்களுள் ஐந்தைப் பெருங்காப்பியம் எனவும், வேறைந்தைச் சிறுகாப்பியம் எனவும் பகுத்தனர். அளவுகோல் ஒன்றின்றி இப்பகுப்பு நிகழ்ந்திருத்தல் இயலாது. ஆயினும் அவ்வளவுகோல் யாது, அதனைக் கையில் ஏந்தியோர் யாவர் என வினவப் புகின், விடை எளிதிற் கிடைப்பதன்று. இருபதாம் நூற்றாண்டிலே பெருவளர்ச்சி பெற்ற கலையாகிய திரைப்படத்துக்கும் இத்தகைய வரிசைகள் இன்று பல உள. அவற்றை முன்வைத்து இரசிகர்கள் இடையறாது வாதிடுகின்றனர். அவ்வாதத்தின் உட்பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒருநாள் மாலை, திருநெல்வேலிச் சந்தைக்கு அணித்தாயுள்ள ஒரு வீட்டு விறாந்தையிலே பழைய மாணவர் சிலரும் இக்கால மாணவர் சிலரும் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சென்று, ஈற்றில் “தலைசிறந்த படம் எது?” என்னும் வினாவில் வந்து நின்றது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்றார். 1960 இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகர் விருதை ஈட்டிக் கொடுத்த படம் அது என்பதை அவர் சான்றாகக் காட்டினார். நடுவயதினரான பழைய மாணவர் ஒருவர், மணிரத்தினத்தின் ‘நாயகன்’ என்றார். 2005 இல் அமெரிக்காவின் ‘ரைம்’ சஞ்சிகை வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் அது இடம்பெற்றமை அவருடைய ஆதாரம். மூலையில் இருந்த மாணவன் ஒருவன் மெல்ல, “1954 இல் யப்பானில் எடுத்த கொட்சில்லா” என்றான்.

விறாந்தை முழுவதும் சிரித்தது. “தம்பி, பல்லி வந்து பட்டணத்தை மிதிக்கிறதும் ஒரு படமோ?” என்றார் ஆசிரியர்.

“ஐயா, நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தனீங்களோ?”

“ஏன் பார்க்கேல்லை? அந்தக் காலத்திலை இங்கிலீசுப் படமாய்ப் பார்த்தனான்.”

“அப்பிடியெண்டால் நீங்கள் பார்த்தது வேறை படம், ஐயா.”

மாணவனின் மறுமொழி அங்கிருந்த பலருக்கு விளங்கவில்லை. எனினும், வரிசைகள் பற்றிய விசாரணை முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது என்பது பின்னரே எமக்குப் புலனாயிற்று. அதனை விளக்குமுன், வரிசைகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை நோக்குதல் வேண்டும்.

உலகத் திரைப்பட வரிசைகளுள் அறிஞர் பெரிதும் மதிப்பது, இலண்டனில் வெளியாகும் ‘சைட் அன்ட் சவுண்ட்’ என்னும் சஞ்சிகை பத்தாண்டுக்கொருமுறை நடத்துங் கணிப்பாகும். அது 1952 இல் தொடங்கியது. முதன்முறை 85 விமரிசகர்களுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. 63 பேர் விடையளித்தனர். ஒவ்வொருவரும் தாம் சிறந்தனவெனக் கருதும் பத்துப் படங்களைக் குறிப்பிடுவர். ஒரு படத்தை எத்தனை பேர் குறிப்பிட்டனர் என எண்ணி வரிசை அமைக்கப்படும். முறை இவ்வளவே. 1952 இல் முதலிடம் பெற்றது இத்தாலிய இயக்குநர் விற்றோரியோ டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்’. அப்படம் வெளிவந்து அப்பொழுது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அடுத்து, 1962 முதல் 2002 வரை நடந்த ஐந்து கணிப்புகளிலும் ஒர்சன் வெல்ஸ் 1941 இல் ஆக்கிய ‘சிற்றிசன் கேன்’ முதலிடத்தில் அசையாது நின்றது. 2012 இல் ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ அதனைக் கீழிறக்கியது. 2022 இல் பெல்ஜியப் பெண் இயக்குநர் ஷந்தால் அக்கர்மன் 1975 இல் எடுத்த ‘ஜான் டீல்மன்’ முதலிடம் எய்தியது. ஒரு காலத்தில் உலகின் முதற் படமாயிருந்த ‘சைக்கிள் திருடர்’ 2022 இல் 41 ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

எழுபது ஆண்டுகளில் அப்படத்தின் ஒரு காட்சியேனும் மாறவில்லை. மாறியவர்கள் பார்த்தவர்களும், பார்த்தவர்களிடம் கேட்டவர்களுமே. 2012 இல் 846 பேரிடம் பெற்ற கருத்து, 2022 இல் 1639 பேரிடம் பெறப்பட்டது. பெண்களும், ஐரோப்பா அமெரிக்கா அல்லாத நாட்டவரும் முன்னிலும் மிகுதியாகச் சேர்க்கப்பட்டனர். வினவப்பட்டோர் வேறாகவே, விடையும் வேறாயிற்று.

இன்னுமொன்று. 2012 இல் முதலிடம் பெற்ற ‘வேர்ட்டிகோ’வைக் குறிப்பிட்டவர் 846 பேருள் 191 பேரே. அஃதாவது, நாலில் ஒரு பங்கினர்கூட அதனைத் தம் பத்துக்குள் வைக்கவில்லை; நாலில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் வேறு பத்துப் படங்களை அதனினும் மேலாகக் கருதினர். இதனைக் குறையெனக் கூறுதல் எமது நோக்கமன்று. பல்லாயிரம் படங்களிலிருந்து பத்தைத் தெரியுமாறு பலரைக் கேட்பின், விடை சிதறுதல் இயல்பு. ஆனால், “உலகின் தலைசிறந்த படம்” என்னுந் தலைப்பைப் படிப்போர், உலகமே ஒருமித்து அளித்த தீர்ப்பு அதுவென மயங்குதல் கூடாது.

இனி, ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதனைப் பார்த்திருத்தல் வேண்டும். இது சிறு குழந்தைக்குந் தெரிந்த உண்மை. ஆயினும் வரிசைகளை வாதிடுவோர் இதனையே எளிதில் மறந்துவிடுகின்றனர். ‘சிற்றிசன் கேன்’ 1941 இல் வெளியானபோது வசூலில் தோற்றது. 1952 ஆம் ஆண்டு வரிசையின் முதற் பத்தில் அதற்கு இடமில்லை. 1956 அளவில் அது அமெரிக்கத் தொலைக்காட்சிகளிலுந் திரையரங்குகளிலும் மீளக் காட்டப்பட்டது. புதியதொரு தலைமுறை அதனைக் கண்டது. அடுத்த கணிப்பில் அது முதலிடத்துக்கு உயர்ந்தது. படத்தின் பெருமை அதன் உள்ளேயே இருந்ததெனினும், பெட்டிக்குள் இருக்கும்வரை அப்பெருமையை அறிவார் இலர்.

அடுத்துப் பூதப் படங்களின் நிலையைக் காண்போம். பேருருவ விலங்கும் பூதமும் பிசாசும் வரும் படங்களை அறிஞர் நெடுங்காலம் பிள்ளை விளையாட்டெனத் தள்ளினர். எமது மரபு அவ்வாறு தள்ளியதா? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கூறினார். அவற்றுள் அச்சமும் மருட்கையும் நகையோடும் பெருமிதத்தோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன. அச்சம் தோன்றும் நிலைக்களன்களுள் முதலிரண்டாக அவர் வைத்தவை அணங்கும் விலங்குமாம். மருட்கை, அஃதாவது வியப்பு, முன் காணாத புதியதைக் காணும்பொழுதும், அளவிற் பெரியதைக் காணும்பொழுதும், மிகச் சிறியதைக் காணும்பொழுதும், ஒன்று மற்றொன்றாய் மாறக் காணும்பொழுதும் பிறக்கும் என்பது அவர் கொள்கை. பூதப் படமொன்றின் இலக்கணத்தை இதனினுஞ் செவ்விதாகக் கூறல் அரிது.

1933 இல் அமெரிக்காவின் ஆர். கே. ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘கிங் கொங்’ என்னும் படத்தை உதாரணமாகக் கொள்ளலாம். திரையில் நியூயோர்க் நகரத்து வானளாவிய கட்டடத்தின் உச்சியில் ஏறிநின்று விமானங்களைப் பிடித்தெறியும் மாபெருங் குரங்கு, மெய்யாகவே ஏறக்குறைய ஒன்றரை அடி உயரமுள்ள ஒரு பொம்மையாகும். உலோக எலும்புக்கூட்டின்மேல் முயற்றோல் போர்த்து அதனைச் செய்தனர். வில்லிஸ் ஓ பிரயன் என்னும் வல்லுநர் அப்பொம்மையின் கையையோ தலையையோ இம்மியளவு அசைத்து ஒரு படம் பிடிப்பார். மறுபடி இம்மியளவு அசைத்து இன்னொரு படம் பிடிப்பார். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுமாதலின், ஒரு நிமிடக் காட்சிக்கு 1440 முறை இவ்வாறு செய்தல் வேண்டும். பெரியதுஞ் சிறியதும் புதியதும் மாறுவதும் ஆகிய நால்வகை மருட்கையும் அங்கு ஒருங்கே நிகழ்கின்றன. எட்டாண்டு கழித்துச் ‘சிற்றிசன் கேன்’ என்னும் படத்தை வெளியிட்டதும் அதே ஆர். கே. ஓ. நிறுவனமே என்பது கருதத்தக்கது. முன்னர்க் கூறிய ‘ரைம்’ பட்டியலில் ‘நாயகன்’ இடம்பெற்றது போலவே, ‘கிங் கொங்’ என்பதும் இடம்பெற்றுள்ளது. மும்பைச் சேரியிலிருந்து எழுந்த தலைவனும் தீவிலிருந்து வந்த குரங்கும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றனர்!

‘கிங் கொங்’ 1952 இல் மீண்டும் திரையிடப்பட்டுப் பெரும் பொருள் ஈட்டியது. அவ்வெற்றி புதிய பூதப் படங்கள் பலவற்றுக்கு வழிகோலிற்று. அவ்வழியிற் பிறந்ததே யப்பானியப் படமாகிய ‘கொட்சில்லா’. யப்பானியர் அதனைக் ‘கொஜிரா’ என்பர். கொரில்லா என்பதன் முற்பாதியையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் குஜிரா என்னும் யப்பானியச் சொல்லின் பிற்பாதியையும் இணைத்து ஆக்கிய பெயர் அது.

அப்படம் வெளிவந்த காலத்தை அறியாதார் அதன் பொருளை அறியார். 1954 மார்ச் 1 ஆம் திகதி, பசிபிக் சமுத்திரத்துப் பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அப்பொழுது அப்பகுதிக்கு அணித்தாய் மீன்பிடித்துக்கொண்டிருந்த யப்பானியப் படகொன்றில் 23 பேர் இருந்தனர். அவர்கள்மீது சாம்பல் பொழிந்தது. அனைவரும் கதிரியக்கத்தால் நோயுற்றனர். செப்ரெம்பர் மாதத்தில் அவர்களுள் ஒருவர் இறந்தார். நவம்பர் 3 ஆம் திகதி ‘கொட்சில்லா’ திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கமே, கடலில் திடீரெனத் தோன்றும் பேரொளியினால் ஒரு கப்பல் எரிந்தழியுங் காட்சியாகும். இயக்குநர் இஷிரோ ஹொண்டா போர்க்களத்திலிருந்து மீண்டு, குண்டினால் அழிந்த ஹிரோஷிமாவைக் கண்ணாற் கண்டவர். எயிஜி சுபுராயா என்னும் தந்திரக்காட்சி வல்லுநர், ஏறக்குறைய 100 கிலோகிராம் எடையுள்ள உடையொன்றினுள் ஒரு நடிகரைப் புகுத்தி, இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கிய தோக்கியோ நகரத்தை அவர் காலால் மிதிக்கச் செய்தார். கமெராவை விரைவாக ஓட்டிப் பிடித்தமையால், திரையிலே அவ்விலங்கின் நடை மலை நகர்வது போலத் தோன்றிற்று. அதன் ஓலம், கொன்றபாஸ் என்னும் பெருவாத்தியத்தின் தந்தியைத் தோற் கையுறையால் உரசி எழுப்பிய ஒலியாகும்.

இப்படத்தைத் தயாரித்த தோஹோ நிறுவனமே அதே 1954 இல் அகிரா குரொசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ என்னும் படத்தையும் வெளியிட்டது. தகாஷி ஷிமுரா என்னும் பெருநடிகர் முன்னையதில் விஞ்ஞானியாகவும் பின்னையதில் வீரர் தலைவராகவும் தோன்றினார். ஒரே அடுப்பில் வெந்த இரு பண்டங்கள்! அவ்வாண்டு யப்பானின் ‘கினெமா ஜும்போ’ என்னும் சஞ்சிகை வெளியிட்ட விமரிசகர் வரிசையில் ‘ஏழு சாமுராய்கள்’ மூன்றாம் இடமே பெற்றது. ‘கொட்சில்லா’வுக்கு முதற் பத்தில் இடமில்லை. இன்றோ, அவ்விரு படங்களையும் அறியாத திரைப்பட மாணவன் எந்நாட்டிலும் இலன்.

இனி, மாணவன் கூறிய “வேறை படம்” என்பதற்கு வருவோம். 1956 இல் அமெரிக்க வணிகர் ‘கொட்சில்லா’வை வாங்கினர். 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாகக் குறைத்தனர். ரேமண்ட் பேர் என்னும் அமெரிக்க நடிகரைக் கொண்டு புதிய காட்சிகள் எடுத்து இடையிடையே செருகினர். ஐதரசன் குண்டைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் வெட்டுண்டன. எஞ்சியது, ஒரு விலங்கு நகரத்தை மிதிக்கும் கதை. ஆங்கிலம் வழங்கும் உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது இந்தக் குறைவடிவத்தையே. ஹொண்டாவின் மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாக வந்தது 2004 இல், அஃதாவது ஐம்பது ஆண்டு கழித்தாகும். எனவே, அவ்வரையாண்டு நூற்றாண்டிலே ‘கொட்சில்லா’வைப் பிள்ளை விளையாட்டு எனத் தீர்த்த அறிஞர் பலர், தாம் பாராத ஒரு படத்துக்குத் தீர்ப்பளித்தனர்.

அடுத்த வாரம் அம்மாணவன் மூலப்படத்தைக் கொண்டுவந்தான். முன்னர்ச் சிரித்தவர்கள் அனைவரும் அதே வீட்டில் இருந்து பார்த்தோம். இடிபாட்டின் அடியிலே தாயொருத்தி தன் குழந்தைகளை அணைத்தபடி, விரைவில் அப்பாவிடம் போய்விடலாம் எனத் தேற்றுங் காட்சி வந்தது. பின்னர், காயப்பட்டோர் நிலத்தில் வரிசையாகக் கிடக்கும் வைத்தியசாலைக் காட்சி வந்தது. தாயை இழந்த சிறுமியின் அழுகை கேட்டது. அவ்விறாந்தையில் இருந்தோருட் பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள். வைத்தியசாலை நிலத்தில் உறவினரைத் தேடியவர்கள். ஒருவரும் பேசவில்லை. படம் முடிந்தபின் ஆசிரியர் நெடுநேரம் கழித்து, “தம்பி, இது பல்லிப் படமில்லை, இது செத்த வீட்டுப் படம்” என்றார். மாணவன் வென்றதாக எவருங் கூறவில்லை. அவனும் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை.

எமது பூதங்கள் இவ்வகையின அல்ல. மேனாட்டுப் பூதம் ஊருக்குப் புறத்திலிருந்து வருகின்ற பகை. எமது கதைகளில் வரும் அரக்கனோ பலவேளைகளில் உறவினன். 1957 இல் விஜயா நிறுவனம் தமிழிலுந் தெலுங்கிலும் தயாரித்த ‘மாயாபஜார்’ இதற்குத் தக்க சான்றாகும். கே. வி. ரெட்டி இயக்கிய அப்படத்தில் எஸ். வி. ரங்காராவ் கடோற்கசனாகத் தோன்றினார். வீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த அவ்வரக்கன், தன் தம்பி முறையான அபிமன்யுவின் காதல் கைகூடும் பொருட்டு மணப்பெண்ணின் உருவத்தையே எடுக்கின்றான். கலியாண விருந்துப் பண்டங்களைத் தனியொருவனாக உண்டு தீர்க்கின்றான். அவனைக் கண்டு எமக்கு அச்சம் பிறப்பதில்லை. நகையும் மருட்கையுமே பிறக்கின்றன. பெண்ணுருவில் இருக்கும் அரக்கனை நடித்துக்காட்டிய சாவித்திரியின் திறமையும், ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி ஸ்ரூடியோவினுள்ளே படைத்த நிலவொளியும் அப்படத்துக்கு அழியாப் புகழ் தந்தன. கணினி இல்லாத அக்காலத்தில் அவ்வளவு மாயத்தையுங் கமெராவும் கைத்திறனுமே செய்தன.

இந்தியத் திரைப்பட நூற்றாண்டாகிய 2013 இல், இந்தியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று இணையத்தின் வழியே வாக்கெடுப்பு நடத்தியது. எக்காலத்துக்குஞ் சிறந்த இந்தியப் படமாக மக்கள் தெரிந்தது ‘மாயாபஜார்’! அளிக்கப்பட்ட வாக்குகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினை அது பெற்றது. ஒன்பது ஆண்டு கழித்து, 2022 இல், சர்வதேசத் திரைப்பட விமரிசகர் சம்மேளனத்தின் இந்தியப் பிரிவு தன் உறுப்பினர் முப்பதின்மரைக் கொண்டு ஒரு வரிசை அமைத்தது. அதில் முதலிடம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்குக் கிடைத்தது. முதற் பத்தில் ‘மாயாபஜார்’ இல்லை. தமிழ்ப் படம் ஒன்றும் இல்லை. அதே ஆண்டுச் ‘சைட் அன்ட் சவுண்ட்’ வரிசையின் முதல் நூறு படங்களுள் இடம்பெற்ற ஒரே இந்தியப் படமும் ‘பதேர் பாஞ்சாலி’யே, அதன் இடம் 35.

இவ்விரண்டில் எது சரி? இரண்டும் சரியே, தத்தம் வினாவுக்கு. மக்கள் வாக்கு, எது நெஞ்சில் நிலைத்தது எனக் காட்டும். ஆயின் ஒரு மொழியினர் அல்லது ஓர் இரசிகர் கூட்டத்தினர் திரண்டெழுந்தால் தராசு அப்பக்கம் சாயும். விமரிசகர் வாக்கு, கலையின் போக்கை எது மாற்றியது எனக் காட்டும். ஆயின் அவர்கள் பார்க்க வாய்த்த படங்களுக்கும் அறிந்த மொழிகளுக்கும் அப்பாற் செல்லாது. கற்றோர் மட்டுமே வாக்களித்திருந்தால் கடோற்கசன் வாயிற்படியில் நின்றிருப்பான். இரசிகர் மட்டுமே வாக்களித்திருந்தால் ராயின் சிற்றூர்ச் சிறுவன் அப்பு உள்ளே வந்திருக்கமாட்டான். ஆதலின் இரு சாராருடைய வாதமும் வேண்டற்பாலதே.

இதுகாறுங் கூறியவற்றால், வரிசையொன்று யாரைக் கேட்டனர் என்பதையும், அவர்கள் எதனைப் பார்க்க முடிந்தது என்பதையும் பொறுத்ததென்பது பெறப்படும். இவ்விரண்டினும் அடிப்படையான மூன்றாவது ஒன்று உண்டு. எது அழியாது எஞ்சியது என்பதே அது. பழைய படச்சுருள்கள் நைத்திரேற்று என்னும் பொருளாற் செய்யப்பட்டவை. அது எளிதிற் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து பொடியாகும். பின்னர் வந்த அசற்றேற்றுச் சுருளும் காலஞ் செல்லப் புளிக்காடி நாற்றம் வீசி முறுகிச் சுருங்கும். பேசும் படம் வந்தபின் பேசாப் படங்களுக்குப் பயனில்லையெனக் கருதி, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே சுருள்களை அழித்தவரும் உளர். அமெரிக்காவில் எடுக்கப்பட்ட முழுநீளப் பேசாப் படங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் அழிந்துபோயின என அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. தமிழின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகிய ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931 இல் வெளிவந்த முதற் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ என்பதும் இல்லை. நிழற்படங்களும் விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளுமே எஞ்சின. எந்த விமரிசகரும் அவற்றைத் தம் பத்துக்குள் வைக்க இயலாது.

ஈழத்துக்கு வருவோம். 1960 களின் தொடக்கம் முதல் எம்மவரும் இங்கு தமிழ்ப் படங்கள் எடுத்தனர். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972 இல் வெளியிட்ட ‘குத்துவிளக்கு’ யாழ்ப்பாண வாழ்வைப் பொருளாகக் கொண்டது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ 1978 இல் வந்தது. இவற்றுக்கிடையே 1977 இல் வந்தது ‘பொன்மணி’. அதன் இயக்குநர் தர்மசேன பத்திராஜா சிங்களவர். திரைக்கதையை எழுதியவர் காவலூர் இராஜதுரை. திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974 இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. அக்காலத்தில் அங்கு விரிவுரையாளராக வந்தவர் பத்திராஜா. சீதனமுஞ் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்ணை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை அவர் பகட்டின்றிக் காட்டினார். இந்தியப் படங்களின் சுவைக்குப் பழகிய மக்கள் அதனை ஏற்கவில்லை. திரையரங்குகளில் அது நிலைக்கவில்லை. இன்றோ ஈழத்துத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுவோர் அதனை முதல்வரிசையில் வைத்துப் பேசுகின்றனர். நகரத்தை மிதிக்கும் பூதம் அப்படத்தில் இல்லை. ஆயின் வீட்டுக்குள்ளே வாழும் பூதம் உண்டு; அது எமது உறவினன் போலவே இருந்து எம்மை உண்கின்றது.

‘கேன்’ பதினைந்து ஆண்டு கழித்து மீளத் திரையிடப்பட்டதனால் உயர்ந்தது என முன்னர்க் கண்டோம். ‘பொன்மணி’ தலைமுறைக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை. 1983 யூலையில் தமிழர்மீது நடந்த வன்செயலின்போது, கே. குணரத்தினத்துக்கு உரியதாக ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்கள் தீக்கிரையாயின. அவற்றுட் பல சிங்களப் படங்கள் என்பதும் எண்ணத்தக்கது. தீ மொழி பார்ப்பதில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. பின்னர் வந்த போர்க்காலத்தில் திரையரங்குகள் பல மூடுண்டன, வீடுகள் பெயர்ந்தன, வீட்டுப் பெட்டிகளில் இருந்த பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் துண்டுகளும் புகைப்படங்களும் பெட்டியோடு போயின.

தொடக்கத்திற் கூறிய ஐம்பெருங் காப்பியத்தை இங்கு மீள நினைத்தல் தகும். அவ்வரிசையில் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய மூன்றுமே முழுமையாக எமக்குக் கிடைத்துள்ளன. வளையாபதியும் குண்டலகேசியும் சில செய்யுள்களாகவே எஞ்சின. வரிசை அவற்றின் பெயரைக் காத்தது, நூலைக் காக்கவில்லை. எஞ்சியவற்றைக் காத்தவர்கள், எது பெரிது என வாதிட்டோர் அல்லர். ஊரூராய்ச் சென்று, செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒப்புநோக்கி, அச்சேற்றியவர்களே. எமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சிற் கொணர்ந்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர்கள் அவ்வாறு செய்திராவிடின், இக்கட்டுரையின் முதற் பந்தியையே எழுத இயலாது போயிருக்கும். ஏட்டுச்சுவடி செல்லுக்கு இரையாயிற்று. படச்சுருள் தீக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றது. வேறுபாடு அவ்வளவே.

ஆதலின் இரசிகர்களின் வாதத்தை வீண் பொழுதுபோக்கென இகழ்தல் தவறு. விறாந்தையில் நடந்த வாதமே ஒரு மூலப்படத்தைத் தேடிக் காணும்படி எம்மைச் செய்தது. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் நடத்தப்பட்டுவரும் சர்வதேசத் திரைப்பட விழா, பிற நாட்டுப் படங்களையும் எம் நாட்டுப் படங்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பை இளைஞருக்கு அளித்துள்ளது. வாதிடுவோர் இன்னும் ஓரடி முன்செல்லல் வேண்டும். மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம், அவர்கள் எந்தப் படத்தை, எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தனர் எனக் கேட்டு எழுதலாம். பழைய பாட்டுப் புத்தகங்களையும் படத்துண்டுப் பிரசுரங்களையும் கல்லூரி நூலகத்துக்கு அளிக்கலாம். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள், ஈழத்துப் படமொன்றின் வீடியோ நாடாவையோ சுருளையோ தம் பெட்டியிற் காணின், அதனை எறியாது பிரதியெடுத்து அனுப்பலாம். இவை பெரும் பொருட்செலவை வேண்டுவன அல்ல.

“தலைசிறந்த படம் எது?” என்னும் வினாவுக்கு அன்று அவ்விறாந்தையில் முடிவு காணவில்லை. ஆசிரியர் கட்டபொம்மனையும், பழைய மாணவர் நாயகனையும் விட்டுக்கொடுக்கவுமில்லை. ஆனால், விடைபெறும்போது ஆசிரியர் அம்மாணவனை அழைத்து, தம் வீட்டு அலுமாரியில் ஐம்பது ஆண்டாக வைத்திருந்த பாட்டுப் புத்தகக் கட்டொன்றை வந்து எடுத்துக்கொள்ளுமாறு கூறினார். மறுநாட் காலை அவன் சைக்கிளிற் சென்று அதனைப் பெற்றுக்கொண்டான்.